துக்கத்திற்கு மஞ்சள் அட்டையா?

விளையாட்டுச் சட்டங்களுக்குள்ளே கால்பந்துச் சட்டங்களைப் போல் எளியவை வேறில்லை என்று சொல்லுவார்கள். மொத்தம் 17 சட்டங்கள்தாம். வீட்டு வரி வசூலிப்பதற்கென்று எழுதி வைத்திருக்கும் விதிகளில் முதல் பக்கத்தைப் புரிந்து கொள்வதற்குள் இந்தப் பதினேழையும் மனப்பாடம் செய்து விடலாம். பந்தைக் கையால் தொடாதே, எதிரியைக் காலால் உதைக்காதே என்ற இரண்டு விஷயங்கள் தெரிந்தால் பாக்கியை ஆட்டத்தைப் பார்த்தே கற்றுக் கொள்ளலாம் என்பது நம்முடைய சொந்த அநுபவம்.

ஆனால் 12-வது சட்டத்தின் ஒரு மூலையில் விசித்திரமான விதி ஒன்று ஒளிந்து கொண்டிருக்கிறது. கோல் போட்ட ஆட்டக்காரர் சந்தோஷ மிகுதியினால் தம் சட்டையைக் கழற்றினாலும், அதைத் தலையோடு இழுத்து மூடிக் கொண்டாலும், மத்தியஸ்தர் அவருக்கு மஞ்சள் அட்டை காட்டியாக வேண்டும். "காட்டலாம்" என்று விதி சொல்லவில்லை. "காட்ட வேண்டும்" என்கிறது. 2004-ம் ஆண்டிலிருந்து இது கட்டாயமாகி விட்டது. மஞ்சள் அட்டை என்பது எச்சரிக்கை. ஒரே பந்தயத்தில் இரண்டு முறை அதை வாங்கிக் கொண்டால் அடுத்தாற்போல் சிவப்பு அட்டை. மைதானத்தை விட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

விதியில் குற்றம் சொல்வதற்கில்லை. சட்டையைக் கழற்றிச் சுழற்றிக் கொண்டு நான்கு மூலைக்கும் ஓடினால் காலம் வீணாகிறது. எதிர்க் கட்சி ரஸிகர்களின் வயிற்றெரிச்சலும் வளர்கிறது. சந்தோஷத்திற்கு ஒரு கடிவாளம் இருக்கட்டும் என்று பெரியவர்கள் நினைத்தது நியாயந்தான். ஆனால் சட்டையைக் கழற்றியவர் சந்தோஷத்தினால் கழற்றவில்லை, துக்கத்தினால் கழற்றினார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பொழுது என்ன செய்வது?

2010-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் நகரில் உலகக் கோப்பையின் கடைசிப் பந்தயம் நடந்தது. ஸ்பெயினும் ஹாலந்தும் மோதின. குறித்த 90 நிமிஷத்தில் கோல் விழவில்லை. அதிகப்படி நேரத்தில் 116-வது நிமிஷத்தில் ஆந்திரேஸ் இனியெஸ்டா பந்தை வலைக்குள் அடித்தார். மெலிந்த தேகமும் வெளுத்த முகமுமாய், ஏதோ ஜில்லா ஆபீஸில் கணக்கு எழுதுகிறவரைப் போல் இருப்பார். ஸ்பெயின் தேசம் அதற்கு முன் ஒரு முறை கூட உலகக் கோப்பையைக் கண்டதில்லை. அப்பேர்ப்பட்ட கோலைப் போட்டு விட்டு அவர் செய்த முதற் காரியம் சட்டையைக் கழற்றியதுதான். உள்ளே வெள்ளைப் பனியன். அதில் கையால் எழுதிய எழுத்துக்கள். டானி ஹார்க்கே எப்பொழுதும் நம்முடன் இருக்கிறார் என்பது அதன் பொருள்.

யார் இந்த ஹார்க்கே? பார்ஸலோனா நகரத்து எஸ்பான்யோல் கோஷ்டியின் தலைவர். 2009-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி, பயிற்சிக்காக இத்தாலிக்குப் போயிருந்த இடத்தில், இருதயம் நின்று 26-வது வயதில் இறந்து போனார். இனியெஸ்டா ஆடியதோ பார்ஸலோனா கோஷ்டிக்கு. இரண்டு கோஷ்டிகளும் ஒரே ஊரில் உள்ள பங்காளிகள். பங்காளிக் காய்ச்சல் என்றால் என்னவென்று நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சிறு பிராயத்தில் தேசத்தின் இளைஞர் கோஷ்டிகளில் சேர்ந்து ஆடிய சிநேகம் இருவருக்கும் உண்டு. உலகமே பார்த்துக் கொண்டிருந்த நிமிஷத்தில் இனியெஸ்டா தம்மைப் பற்றி நினைக்கவில்லை. செத்துப் போன சிநேகிதனை நினைத்தார்.

மத்தியஸ்தர் ஹவர்டு வெப் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் போலீஸ் ஸார்ஜண்டாக இருந்தவர். அன்றைக்கு இரண்டு கட்சியாரும் மூர்க்கமாக ஆடியதில், அவர் ஒரு டஜனுக்கு மேற்பட்ட தடவை மஞ்சள் அட்டையை எடுத்திருந்தார். இனியெஸ்டாவுக்கும் ஒன்று காட்டினார். அவரைக் குறை கூற நமக்கு மனமில்லை. கோடிக்கணக்கான கண்கள் பார்க்கையில் "வேண்டும்" என்ற சொல்லை "வேண்டாம்" என்று படிக்க யாருக்குத் துணிவு வரும்? அதே வருஷம் டிஸம்பரில் இனியெஸ்டா பங்காளி வீட்டு மைதானத்திற்கு ஆடப் போனபோது, எஸ்பான்யோல் ரஸிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அட்டைக்கு அவர்கள் எழுதிய பதில் அது என்று நாம் எடுத்துக் கொள்கிறோம்.

அடுத்த வருஷம் இங்கிலாந்தில் நடந்தது வேறு விதம். டான்காஸ்டர் என்ற சிறிய ஊரின் கோஷ்டி, இரண்டாம் படியில் ஆடிக் கொண்டிருந்தது. அதன் முன்வரிசை ஆட்டக்காரர் பில்லி ஷார்ப். அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து இரண்டே நாள் உயிரோடிருந்து 2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ந் தேதி இறந்து விட்டது. நவம்பர் 1-ந் தேதி மிடில்ஸ்பரோவுடன் பந்தயம். அன்று ஆடுவது என்று ஷார்ப் தீர்மானித்தார். பிள்ளையைப் புதைக்கு முன் பந்தாட்டமா என்று நம்மில் சிலர் நினைக்கலாம். வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக் கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேதனை என்பது அநுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சிலருக்குக் கைக்கும் காலுக்கும் தெரிந்த வேலை ஒன்றே அந்தச் சமயத்தில் பிடித்துக் கொள்ளக் கிடைக்கும் கட்டை.

14-வது நிமிஷத்தில் ஷார்ப் ஒரு கோல் போட்டார். தரையில் விழாத பந்தை அப்படியே எடுத்து அடித்த அழகான கோல். ஓடிப் போய்ச் சட்டையைத் தூக்கினார். "இது உனக்காக, மகனே" என்று உள்ளே எழுதியிருந்தது.

மத்தியஸ்தர் டாரன் டெட்மன் பார்த்தார். விதி அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சட்டைப் பைக்குள் கையை விடாமல் நின்றார். ஆட்டம் மறுபடி ஆரம்பித்தது. டான்காஸ்டர் அன்று 3-க்கு 1 என்று தோற்றுப் போயிற்று. அதைப் பற்றி இப்போது யாருக்கு ஞாபகம்?

இந்த இரண்டு கதைகளையும் நம்முடைய வக்கீல் நண்பர் ஒருவரிடம் சொன்னோம். எதற்கேனும் ஓர் ஆட்சேபம் கிளப்பாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது ஜீரணமாவதில்லை.

"ஓய்! வெப் செய்ததுதான் சரி, டெட்மன் செய்தது தப்பு" என்றார்.

"எப்படி ஐயா?" என்று கேட்டோம்.

"விதியில் 'துக்கம் நீங்கலாக' என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இன்றைக்குக் குழந்தையைப் பறிகொடுத்தவனுக்கு விலக்கு என்பீர். நாளைக்குப் பாட்டியைப் பறிகொடுத்தவன் வருவான். மறுநாள் வளர்த்த நாய் செத்துப் போயிற்றென்று ஒருவன் வந்து நிற்பான். மத்தியஸ்தர் விசில் ஊதுவாரா, மரண சர்ட்டிபிகேட்டுகளைப் பரிசீலனை செய்வாரா?"

இது தட்டிக் கழிக்கக் கூடிய ஆட்சேபம் அன்று. துக்கத்தை நிறுக்கத் தராசு கிடையாது. ஒருவன் ஊமையாய் உட்கார்ந்திருப்பான். மற்றொருவன் ஊரைக் கூட்டுவான். எவனுடைய நெஞ்சில் பாரம் அதிகம் என்று யார் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு 2014-ம் ஆண்டில் உள் பனியனில் எந்த வாசகத்தையும் காட்டலாகாது என்று வேறு சட்டம் செய்து விட்டார்கள். அரசியல் வாசகம், மத வாசகம் மட்டுமல்ல, சொந்த விஷயத்தைப் பற்றிய வாசகமும் கூடாது. ஒன்றை அநுமதித்தால் மற்றொன்றைத் தடுக்க முடியாது என்ற பயந்தான் காரணமாயிருக்க வேண்டும்.

ஆயினும் வக்கீல் நண்பர் ஒன்றை மறந்து விட்டார். அதே 17 சட்டங்களில் 5-வது சட்டம், மத்தியஸ்தர் தம் தீர்மானங்களை விதிப்படியும் ஆட்டத்தின் ஆத்மாவை ஒட்டியும் செய்ய வேண்டும் என்கிறது. ஆத்மா என்ற வார்த்தையைச் சட்டப் புஸ்தகத்தில் வீணாகவா போட்டிருப்பார்கள்? துக்கத்துக்கு விலக்கு என்று விதியில் எழுத வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எழுதினால் நண்பர் சொல்லும் நாய்க் கதை வந்தே தீரும். எழுதாமல் இருப்பதிலேதான் அதன் மகிமை. பக்கத்தில் நிற்கும் ஒரு மனிதர், எதிரே நிற்கும் இன்னொரு மனிதருடைய முகத்தைப் பார்த்து, இந்த ஒரு தடவை கையை அடக்கிக் கொள்வது என்பது விதியில் அடங்காது. ஆனால் விதி அதனால் செத்துப் போவதும் இல்லை. டெட்மன் கையை அடக்கிக் கொண்டதால் மறு வாரம் இங்கிலாந்தில் எல்லோரும் சட்டையைக் கழற்றிக் கொண்டு ஓடி விடவில்லை.

நம் ஊர் வழக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். எங்கள் கிராமத்தில் ஒரு பெரியவர் காலமான போது, அவருடைய மூத்த பிள்ளை துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசியதை நாம் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். வைத்தியரைக் கொலைகாரன் என்றார். சொந்தச் சிற்றப்பாவை வாசற்படி ஏறக் கூடாதென்றார். எண்பது வயதான புரோகிதரைப் பார்த்து, "தக்ஷிணைக்கு வந்து விட்டீரா?" என்று கேட்டார். அந்தக் கிழவர் குடையை மடக்கித் திண்ணையில் வைத்து விட்டுப் பேசாமல் உட்கார்ந்து கொண்டார். பதின்மூன்றாம் நாள் அத்தனை பேரும் வந்து சாப்பிட்டு விட்டுப் போனார்கள். நடந்ததைப் பற்றி ஒருவரும் அன்றைக்கும் பிரஸ்தாபிக்கவில்லை, அப்புறமும் பிரஸ்தாபிக்கவில்லை. ஆனால் ஒரு சமயம் அவர் வைத்தியர் மேல் கையை ஓங்கிக் கொண்டு பாய்ந்தார். உடனே நான்கு பேர் எழுந்து அவரைக் கட்டிப் பிடித்துக் கொண்டார்கள். திட்டவில்லை, தள்ளவில்லை, பிடித்துக் கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதில் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன. சொல்லுக்கு மன்னிப்பு உண்டு. கைக்குத் தடை உண்டு. அந்தத் தடையைச் செய்ய வேண்டியவர்கள் சுற்றி இருப்பவர்கள்.

முதல் நியாயத்தைப் பெரிய இடங்களில் மறந்து விடுகிறார்கள் என்பதற்கு இன்னும் ஓர் உதாரணம். 2020-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி மாரடோனா காலமானார். நான்கு நாள் கழித்து லியோனல் மெஸ்ஸி பார்ஸலோனாவில் ஒஸஸூனாவுக்கு எதிராக ஒரு கோல் போட்டு விட்டு, மேற்சட்டையைக் கழற்றினார். அடியில் அணிந்திருந்தது நியூவெல்ஸ் கோஷ்டியின் பழைய 10-ம் நம்பர்ச் சட்டை. ரொஸாரியோ நகரத்தின் அந்தக் கோஷ்டியில் மாரடோனா 1993-ல் சில பந்தயங்கள் ஆடினார். மெஸ்ஸி பிள்ளைப் பிராயத்தில் ஆடக் கற்றதும் அதே கோஷ்டியில். இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கினார். மஞ்சள் அட்டை கிடைத்தது. பிறகு 600 யூரோ அபராதம் விதித்தார்கள். கிளப்புக்கு 180 யூரோ. மேல் முறையீடு செய்தும் பயனில்லை. மெஸ்ஸிக்கு 600 யூரோ என்பது நமக்கு வெற்றிலைச் சுண்ணாம்புக் காசு. ஆனால் ரஸீதுப் புஸ்தகத்தைப் பிரித்து, "குருநாதருக்காக அழுத வகையில்" என்று பற்று எழுதினவர்களுடைய மனத்தை நினைத்தால் நமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நிற்க. இதுவரை சொன்னது சுலபமான பாதி. இந்தக் குற்றங்களினால் ஒருவருக்கும் தீங்கில்லை; கால் நிமிஷம் காலம் போயிருக்கும். வேலியைத் தாண்டிக் காலரிக்குள் பாய்கிறவனுடைய வழக்கு அப்படியல்ல.

இந்த வகையில் ஆதி புருஷர் எரிக் கான்டோனா. 1995-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி லண்டனில் சிவப்பு அட்டை வாங்கிக் கொண்டு வெளியேறுகையில், தம்மை ஏசிய ரஸிகர் ஒருவர் மேல் வேலியைத் தாண்டிக் காலால் உதைத்தார். செப்டம்பர் மாத முடிவு வரையில் அவரை ஆடக் கூடாதென்று விலக்கினார்கள். கோர்ட்டார் இரண்டு வாரச் சிறை விதித்து, அப்பீலில் அதை 120 மணி நேரப் பொதுத் தொண்டாக மாற்றினார்கள்; குழந்தைகளுக்குப் பந்தாடக் கற்றுக் கொடுத்து அந்தத் தண்டனையைக் கழித்தார். ஏசியவரும் தப்பவில்லை. அவருக்கு 500 பவுண்டு அபராதம். தீர்ப்பைக் கேட்டதும் அவர் சர்க்கார் வக்கீல் மேலேயே பாய்ந்தார் என்பது கதையின் பிற்சேர்க்கை. கான்டோனாவுக்குத் துக்கம் ஒன்றும் இல்லை; கோபந்தான். ஆகையால் அவரிடம் தயை காட்ட வேண்டும் என்று வாதாட நாம் தயாராயில்லை. துக்கமே இருந்திருந்தாலும் உதைக்கு முழு மன்னிப்புக் கொடுப்பதற்கில்லை.

மஹாபாரதக் கதையில் அசுவத்தாமாவுக்கு என்ன நேர்ந்தது? அவன் தந்தை துரோணர், மகன் இறந்தான் என்ற பொய்யைக் கேட்டு ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகு கொல்லப்பட்டார். உலகத்தில் அவனுக்கு இருந்த துக்கத்தை விட நியாயமான துக்கம் எவனுக்கு இருக்க முடியும்? அந்த வெறியில் இரவில் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக் கொண்டிருந்த பாண்டவ குமாரர்களைக் கொன்றான். அவனைக் கட்டி இழுத்து வந்து நிறுத்திய போது, ஐந்து பிள்ளைகளையும் பறிகொடுத்த திரௌபதியே அவனை விட்டு விடும்படி கெஞ்சினாள் என்று பாகவதம் சொல்லுகிறது. இவன் தாயும் தன்னைப் போல் அழ வேண்டாம் என்பது அவள் எண்ணம். அவன் உயிரை விட்டார்கள். ஆனால் தலையிலிருந்த மணியைப் பிடுங்காமல் விடவில்லை. தயை என்றால் தண்டனையே இல்லை என்று அர்த்தமாகாது என்பதைப் பாட்டிமார்கள் நமக்குக் கதையாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மேலும் ஆட்டக்காரருக்கும் கூட்டத்துக்கும் நடுவிலுள்ள வேலி, வெறும் மரியாதைக்காக ஏற்பட்டதன்று. 1911-ம் ஆண்டில் மோஹன் பகான் கோஷ்டியார் வெள்ளைக்காரப் பட்டாளத்தாரை 2-க்கு 1 என்று தோற்கடித்து ஷீல்டு வாங்கிய நாளிலிருந்து, கல்கத்தா வாசிகளுக்குக் கால்பந்து தேச பக்தியில் ஒரு பாதி. அதே கல்கத்தாவில் 1980-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் தோட்டத்தில் மோஹன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் மூண்ட சச்சரவு காலரிக்குப் பரவிற்று. நெரிசலிலும் கலவரத்திலும் 16 ரஸிகர்கள் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் 16 வீடுகளுக்குத் திரும்பி வரவில்லை. மைதானத்திலிருந்து கிளம்பும் ஒரு பொறி எவ்வளவு தூரம் பற்றும் என்பது நம் தேசத்திலேயே நாம் கண்டறிந்த உண்மை.

அப்படியானால் பாய்கிறவர்களைத் தண்டித்து விட்டு வழக்கைக் கட்டி வைத்து விடலாமா? அங்கேதான் நமக்குச் சமாதானம் ஏற்படவில்லை. இரண்டாவது நியாயம் குறுக்கே வருகிறது. பிடித்துக் கொள்ள வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

2020-ம் ஆண்டு மார்ச்சு 4-ந் தேதி டாட்டன்ஹாம் கோஷ்டி நார்விச்சிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. அதன் ஆட்டக்காரர் எரிக் டையர், நாற்காலி வரிசைகளின் மேல் ஏறி ஒரு ரஸிகரைத் துரத்தினார். தம்மை ஏசியதைக் கூடப் பொறுத்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தம்பியும் அந்தச் சச்சரவில் மாட்டிக் கொண்டார் என்றதும் பொறுக்கவில்லை. அடி ஒன்றும் விழவில்லை. நான்கு பந்தயங்களுக்கு விலக்கு, 40,000 பவுண்டு அபராதம். உத்தியோக தர்மப்படி செய்யத் தகாதது, ஆனால் மனிதராய்ப் பிறந்த யாரும் செய்யக் கூடியது என்ற தோரணையில் அவருடைய பயிற்சியாளர் மொரீனியோ பேசினார். நம்மைக் கேட்டால், ஒரு பந்தயம் விலக்கியிருந்தால் போதும் என்போம்.

2024-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி அமெரிக்காவில் ஷார்லட் நகரில் நடந்தது இன்னும் மோசம். கொலம்பியாவிடம் தோற்ற உருகுவே கோஷ்டியார், தங்கள் மனைவி மக்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் கலவரம் மூண்டதைக் கண்டு காலரிக்குள் ஏறினார்கள். கைகலப்பு நடந்தது. டார்வின் நூன்யெஸுக்கு ஐந்து பந்தய விலக்கும் 20,000 டாலர் அபராதமும் கிடைத்தன. மற்ற நால்வருக்கும் விலக்கு. பயிற்சியாளர் பியல்ஸா, குடும்பங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்காதவர்களைத்தான் விசாரிக்க வேண்டும் என்று சீறினார். கை நீட்டியதற்குத் தண்டனை வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் கைக்குழந்தையை வைத்துக் கொண்டிருப்பவர்களுக்கும் குடி வெறியர்களுக்கும் நடுவில் ஒரு கயிறு கூடக் கட்டாமல் விட்டவர்கள், பிறகு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கொண்டு தகப்பனுக்கு ஐந்து பந்தயம் என்று கணக்குப் போடும் போது, அந்தப் பேனாவில் நியாயத்தின் மை குறைவாகத்தான் இருக்கிறது.

பிடித்துக் கொள்ள வேண்டியவர்கள் பிடித்துக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் திருஷ்டாந்தம் இருக்கிறது. எமிலியானோ ஸாலா என்ற அர்ஜண்டைனா தேசத்து ஆட்டக்காரரைப் பெரும் விலை கொடுத்து வேல்ஸிலுள்ள கார்டிப் கோஷ்டியார் வாங்கினார்கள். அவர்களுக்காக ஒரு பந்தயம் ஆடுவதற்கு முன்பே, 2019-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி, அவர் ஏறி வந்த சிறு விமானம் கடலில் விழுந்தது. உடல் இன்னாருடையது என்று அடையாளம் கண்டு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 9-ந் தேதி, கார்டிப் கோஷ்டி ஸவுத்தாம்ப்டன் நகரில் ஆடியது. அங்கே காலரியில் சிலர் இரண்டு கைகளையும் இறக்கை போல் விரித்து விமானம் பறப்பது போல் ஆடிக் காட்டினார்கள். இப்படியும் மனிதர்கள் பிறக்கிறார்கள். அவர்களைப் பிடித்துக் கொடுத்து மைதானத்துக்குள் நுழையத் தடை போட்டவர்கள் யார் தெரியுமா? அவர்கள் கை தட்டிக் கொண்டிருந்த அதே ஸவுத்தாம்ப்டன் கிளப்பார்தான். கார்டிப் ஆட்டக்காரர் எவரும் வேலியைத் தாண்ட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஆட்டத்தைக் கவனித்து 2-க்கு 1 என்று ஜயித்து விட்டுப் போனார்கள்.

இப்படியே 1989-ம் ஆண்டு ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் உயிரிழந்த 97 பேரைக் கேலி செய்யும் வாசகம் பொறித்த சட்டையோடு, 2023-ம் ஆண்டு வெம்பிளி மைதானத்துக்கு ஒருவர் வந்தார். கோர்ட்டார் 1,000 பவுண்டு அபராதமும் நான்கு வருஷத் தடையும் விதித்தார்கள். செத்தவர்களைப் பரிகசிப்பவனைச் சட்டமே கேட்கும் என்று நம்பிக்கை ஏற்பட்டால், துக்கப்படுகிறவன் தானே கேட்கப் புறப்பட மாட்டான்.

தயை காட்டுவதற்கு ஒரு முறை இத்தாலிக்காரர்களிடம் இருக்கிறது. வக்கீல் நண்பருக்குக் கூட அது பிடித்திருந்தது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி ட்யூரின் நகரில் ரொமேலு லுக்காக்கு கடைசி வேளையில் பெனால்டியில் ஒரு கோல் போட்டார். கறுப்பர் என்பதற்காகக் காலரியில் ஒரு பகுதியார் அவரை இழிவாக ஏசிக் கொண்டிருந்தார்கள். அவர் அவர்கள் மேல் பாயவில்லை. நின்ற இடத்திலேயே நிமிர்ந்து நின்று ஸலாம் வைத்து, மற்றொரு கை விரலை உதட்டின் மேல் வைத்தார். கூட்டத்தைச் சீண்டினார் என்று இரண்டாவது மஞ்சள் அட்டை; ஆகவே வெளியேற்றம்; அடுத்த பந்தயத்திற்கு விலக்கு. அப்பீல் தள்ளுபடியாயிற்று. விதிப்படி எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் சங்கத் தலைவர் கிராவீனா, தமக்கென்று ஒதுக்கப்பட்ட விசேஷ அதிகாரத்தைக் கொண்டு மன்னிப்பு அளித்தார். நிற வெறியை எதிர்ப்பது சங்கத்தின் ஆதாரக் கொள்கை என்பது அவர் சொன்ன காரணம்.

விதியை மாற்றவில்லை, மத்தியஸ்தரைப் பொய்யராக்கவில்லை, தீர்ப்பு எழுதியவர்களை அவமதிக்கவுமில்லை. எல்லாம் ஆன பிறகு மேலே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அதே தேசத்தில் 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் காலியாரி நகரில் ஸுலி முன்டாரி, தம்மை நிறம் பற்றி ஏசுகிறார்கள் என்று முறையிட்டதற்கே மஞ்சள் அட்டை வாங்கி, மனம் வெறுத்து மைதானத்தை விட்டு நடந்து போய் இன்னொன்றும் வாங்கினார்; உலகமெங்கும் கண்டனம் எழுந்த பிறகே அவருடைய விலக்கை ரத்துச் செய்தார்கள். ஆறு வருஷத்தில் சற்றுக் கற்றுக் கொண்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஜன்னல் துக்கக்காரருக்கும் திறக்கட்டுமே! பெரிய பெயர் எடுத்தவருக்கு மட்டும் திறந்து, டான்காஸ்டர் போன்ற சிறிய ஊர்க்காரர் வந்தால் சாத்திக் கொள்ளாமலிருந்தால் சரி.

கடைசியாக ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அது கால்பந்து அல்ல, கிரிக்கெட். ஆனாலும் துக்கம், வசை இரண்டையும் ஒரே ஆள் ஒரே பயணத்தில் தாங்கிய சம்பவமாகையால் அதை விட்டு விட நமக்கு மனமில்லை.

2020-ம் ஆண்டு நவம்பரில் நம் தேசத்துக் கோஷ்டி ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. அதில் முகம்மது ஸிராஜ் புதிய பந்து வீச்சாளர். ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டிப் பிள்ளையை வளர்த்த அவர் தகப்பனார் நவம்பர் 20-ந் தேதி காலமானார். கொள்ளை நோய்க் காலம். விரும்பினால் ஊருக்குத் திரும்பலாம் என்று கிரிக்கெட் போர்டார் சொன்னார்கள். ஸிராஜ் போகவில்லை. மெல்போர்னில் முதன் முதலாக டெஸ்ட் ஆடினார். ஜனவரி 7-ந் தேதி ஸிட்னியில் தேசிய கீதம் பாடும் போது அவர் கண்களிலிருந்து நீர் வழிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே பந்தயத்தில், எல்லைக் கோட்டருகே நின்ற அவரைக் காலரியிலிருந்து சிலர் ஏசினார்கள். ஒரு நாள் அல்ல, திரும்பவும் ஏசினார்கள்.

ஸிராஜ் வேலியைத் தாண்டவில்லை. தலைவர் ரஹானேயிடம் போய்ச் சொன்னார். ரஹானே மத்தியஸ்தர்களிடம் சொன்னார். மத்தியஸ்தர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். இஷ்டமிருந்தால் இந்தியர்கள் மைதானத்தை விட்டுப் போகலாம் என்றும் சொன்னார்கள். நம்மவர்கள் போக மறுத்து அங்கேயே நின்றார்கள். போலீஸார் காலரிக்குள் போய் ஆறு பேரை எழுப்பி வெளியே கூட்டிக் கொண்டு போனார்கள். மறுபடி ஆட்டம் நடந்தது. அடுத்த வாரம் பிரிஸ்பேனில் ஸிராஜ் 73 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். இந்தியா பந்தயத்தையும் கோப்பையையும் வென்றது. ஜனவரி 21-ந் தேதி ஹைதராபாத்தில் விமானத்தை விட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே இடுகாட்டுக்குப் போய்த் தகப்பனார் கல்லறை மேல் மலரைத் தூவி விட்டுச் சற்று நேரம் நின்றார்.